எல்லாவற்றுக்கும் ஓகே

மலேசியாவின் பத்து பகாட் நகரில், லேப்டாப் பழுது பார்க்கும் கடையில் எனக்கு முன்னால் ஓர் இளம்பெண் நின்றாள்.

“அலமாக்! திறந்ததும் இத்தனை புரோகிராம் ஓடுனா அரை மணி நேரம் ஆகத்தான் செய்யும். யாரும்மா போட்டது?” என்றார் கடைக்காரர்.

“அப்பாதாண்ணே. ஸ்கிரீன்ல கேக்கிறவங்களுக்கு இல்லன்னு சொன்னா மரியாதை இல்லையாம். எல்லாத்துக்கும் ஓகே அழுத்திட்டாரு. இது திறக்கிறதுக்குள்ள சிங்கப்பூர் வேலைக்கு ஆன்லைன் இண்டர்வியூ முடிஞ்சே போச்சு.”

“நல்லா ஏசுனியா?”

“எப்படிண்ணே? நான்தான் கெடுத்துட்டேன்னு வீட்ல சொல்லிட்டேன். அவருக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிடுவாரு லா.”

என் பையில் பேத்தியின் லேப்டாப் இருந்தது. அதில் கண்டதையெல்லாம் அழுத்திக் கெடுத்தவன் நான். அவள்தான் கெடுத்தாள் என்று சொன்னவனும் நான். நேற்று அவள் அப்பா அவளை ஏசி முடிக்கும்வரை, பேசாமல் சோறு தின்றுகொண்டிருந்தேன்.