காருக்கு எடுத்து வந்த மழைத்தண்ணீர்

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லையில் திருத்தணி யாருக்கு, நகரி யாருக்கு என்று ஊரெல்லாம் வழக்காடிக்கொண்டிருந்த காலம். திருப்பதியிலிருந்து வந்த எங்கள் பஸ் புத்தூரில் நின்றபோது உள்ளேயும் அதே பேச்சுதான். என் ஜன்னலுக்குக் கீழே ஒரு பழைய கார் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் பெண் ஒருத்தி, பின் சீட்டில் போர்வையோடு சாய்ந்திருந்தாள். புருஷன் இஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்தார்.

“பக்கத்துலயே கெணறு இருக்குதே, அந்தத் தண்ணி ஆவாதா?”

“கெழவண்டிம்மா இது. உப்புத் தண்ணி ஊத்துனா உள்ள சுண்ணாம்பாட்டம் புடிச்சிக்கும். அதான் கொடத்துல மழத்தண்ணி எடுத்தாந்தேன்.”

“அப்ப எனக்கு அந்தக் கெணத்துத் தண்ணி மொண்டு குடுங்க. தொண்ட காயுது.”

அவர் கிணற்று நீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினார். பிறகு குடத்திலிருந்து டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

“ஐயோ, இது வண்டிக்குங்க! வழியில மறுபடி கொதிச்சா?”

“கொதிச்சா நிப்போம். இன்னிக்கு ஒரு நாளு அது உப்புத் தண்ணி குடிக்கட்டும். ஊட்டுக்குப் போயி கழுவிக்கலாம்.”

அவள் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“மிச்சத்த அதுக்கு ஊத்துங்க. என்னத் தூக்கினு அலையுது, பாவம்.”

அவர் குடத்தை மூடி அவள் பக்கத்தில் வைத்தார்.

“நெறைய தண்ணி குடிக்கணும்னு டாக்டரு உன்னத்தான் சொன்னாரு, வண்டிய இல்ல.”

வாளியோடு கிணற்றுக்குப் போனார். அவர் இறைத்து முடிக்கும்வரை அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.