நடுவுல காணாமப்போன ஃப்ரேம்

— கதவைச் சாத்துங்க அத்தான். எல்லாரும் சாப்பிடப் போயாச்சு. இப்பச் சொல்லுங்க, இந்த டெஸ்ட் ஏன் எப்பவுமே பாஸ் ஆகுது?

— பாஸ் ஆனா சந்தோஷப்படணும் போலீசம்மா. பாஸ் ஆனதுக்குக் கேஸ் போடற ஒரே ஆளு நீதான்.

— சிரிக்காதீங்க. டெஸ்ட்டுக்குன்னு வெச்சிருக்கிற மாதிரி புரோகிராமைக் காலையில நான் வேணும்னே கெடுத்து வெச்சேன். அப்பவும் பாஸ்.

— எதைக் கெடுத்தே?

— அதுல மூணு ஃபங்ஷன் இருக்கில்ல? முதலாவது ரெண்டாவதைக் கூப்பிடும், ரெண்டாவது மூணாவதைக் கூப்பிடும். மூணாவதுல நம்ம டீபக்கர், அதான் தப்பு தேடற புரோகிராம், வந்து நிக்கும். அப்ப அதுக்குள்ள இருக்கிற உங்க ஸ்க்ரிப்ட்டு, "உன்னை யாரு கூப்பிட்டா, அவனை யாரு கூப்பிட்டா"ன்னு ஒவ்வொரு ஃப்ரேமா, கூப்பிட்ட ஒவ்வொண்ணோட தடமா, மேல ஏறிக் கேட்டுச் சொல்லணும். அதானே டெஸ்ட்டு?

— அதேதான்.

— நான் ரெண்டாவதையே தூக்கிட்டேன். அப்பவும் "எல்லாம் சரி"ன்னு பச்சை காட்டுது.

— பாரு, மெஷின் பழசு எதையாவது பிடிச்சு வெச்சிருக்கும். ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு.

— மூணு தடவை பண்ணியாச்சு. நீங்க ஏன் உட்கார மாட்டேங்கறீங்க?

— முதுகு வலிக்குது.

— காலையில அக்காகிட்ட அரை மணி நேரம் பேசினேன். உங்க முதுகைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லலியே.

— எல்லாத்தையும் உன்கிட்ட ஒப்பிக்கணுமா அவ? சரி, உட்கார்ந்துட்டேன். போதுமா?

— ஒரு நிமிஷம், இந்தத் திரையைப் பாருங்க. சரியான விடை இதுதான்னு இங்க ஒரு வரி கையால எழுதி இருக்கணும். இல்லை. ஸ்க்ரிப்ட் என்ன சொல்லுதோ, அதையே சரியான விடைன்னு எடுத்துக்குது. பரீட்சை எழுதினவன்கிட்டயே பேப்பரைக் கொடுத்துத் திருத்தச் சொன்ன மாதிரி!

— யாராவது அவசரத்துல பண்ணியிருப்பாங்க.

— யாராவதா? மாத்தினவர்ங்கற இடத்துல உங்க பேரு இருக்கு. நாலு மாசத்துக்கு முன்னாடி, ரிலீஸ் அன்னிக்கு, சாயங்காலம் நாலே கால்.

— பாரு, அன்னிக்கு நிலைமை உனக்கே தெரியும். மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னாடியே நின்னுக்கிட்டிருந்தார். ஒரே ஒரு டெஸ்ட் மட்டும் சிவப்பு. ஃபங்ஷன் ரொம்பச் சின்னதா இருந்தா, நாம எழுதினதை மெஷின் மொழிக்கு மாத்தற கம்பைலர் அதைப் பெரிய ஃபங்ஷனுக்குள்ளேயே கரைச்சு விட்டுடும். அப்படிக் கரைஞ்சுபோன ஃப்ரேம் மட்டும் நம்ம ஸ்க்ரிப்ட் கண்ணுல படலை. டெஸ்ட்டோட வாயை இப்போதைக்கு அடைச்சுட்டு, அடுத்த வாரம் ஒழுங்கா சரி பண்ணிடலாம்னு நினைச்சேன்.

— பண்ணினீங்களா?

— மறந்துட்டேன்.

— மறந்தவரு எதுக்கு மூணு வாரமா இந்த ஃபைலைத் தினமும் திறந்து திறந்து மூடறீங்க? அதுவும் பதிவாகுது அத்தான்.

— என் பின்னாடியே ஆள் வெச்சிருக்கியா நீ?

— மூணு வாரத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

— நீயே சொல்லு.

— கதவு திறந்திருக்கும்போதே ஒரு லிஃப்ட் மேல நகர்ந்துச்சு. உள்ள கால் வெச்ச ஒரு அம்மா விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கிப் போச்சு. அங்க ரிப்பேருக்கு வந்திருந்த மெக்கானிக் சொன்னான், "நான் பேனலைத் தொடவே இல்லை, கீழ் மாடியில ஸ்க்ரூ டிரைவர் எடுக்கப் போயிருந்தேன்"னு. ஒருத்தரும் நம்பலை. ஏன் நம்பலை?

— லிஃப்ட் கம்பெனிக்காரங்க நம்மகிட்ட வாங்கின டீபக்கரை வெச்சுத்தான் லிஃப்ட்டோட புரோகிராமைப் பார்த்தாங்க.

— பார்த்து?

— நகர்த்தற ஃபங்ஷனைக் கூப்பிட்டது பேனல்னு வந்துச்சு. பேனல்னா மெக்கானிக் கை வெக்கிற இடம். அதனால அவன்தான் அழுத்தினான்னு எழுதிட்டாங்க.

— அந்த ஆளு மூணு வாரமா ஜெயில்ல இருக்கான். விபத்து நேரத்து மெமரி பதிவான ஃபைலை நேத்து லிஃப்ட் கம்பெனிகிட்ட வாங்கி, உங்க ஸ்க்ரிப்டை நம்பாம, நானே மெமரியை வரி வரியாப் பிரிச்சுப் பார்த்தேன். பேனலுக்கும் நகர்த்தறதுக்கும் நடுவுல ஒரு குட்டி ஃபங்ஷன் கரைஞ்சு கிடக்கு. என்னன்னு தெரியுமா?

— டைமர்.

— தெரிஞ்சிருக்கு!

— அறிக்கையைப் படிச்ச அன்னிக்கே தெரியும். ரெண்டு நிமிஷம் யாரும் தொடலைன்னா பேனலே தானா நகர்த்தச் சொல்லிடும். அவன் விரல் கூடப் படலை.

— தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு ஆபீஸ் வந்தீங்க, வீட்டுக்குப் போனீங்க. மெக்கானிக்கோட பொண்டாட்டி ஆபீஸ் வாசல்ல வந்து நின்னாளே, அவளைத் தாண்டித்தானே காரை எடுத்தீங்க?

— அவ முகத்தைப் பார்க்க முடியாமத்தான் அன்னிலேருந்து பின் வாசல் வழியா வந்துக்கிட்டிருக்கேன். போதுமா?

— போதாது. நான் கடிதம் எழுதி வெச்சிருக்கேன். கேஸை விசாரிக்கிற அதிகாரிக்கு. டெஸ்ட் எப்போ மாறினது, ஃப்ரேம் எங்கே விடுபட்டது, எல்லாம்.

— அனுப்பாதே.

— ஏன்?

— கொஞ்சம் பொறு. நானே வேற மாதிரிப் பார்த்துக்கறேன். தப்பைச் சரி பண்ணி, புது வெர்ஷனை லிஃப்ட் கம்பெனிக்குக் கொடுத்து, அவங்களையே திரும்ப ஓட்டிப் பார்க்கச் சொல்றேன். யார் எப்போ மாத்தினாங்கங்கற பதிவு எதுவும் வெளிய போக வேண்டாம்.

— அதுக்கு எத்தனை மாசம்? அதுவரைக்கும் அவன் உள்ளயே இருக்கணுமா? வேலை போயிடும்னு பயமா உங்களுக்கு?

— என் வேலை போனாப் போகுது! என் ஒருத்தனோட முடியறதா இருந்தா அன்னிக்கே போய் நின்னிருப்பேன்.

— வேற யாரைக் காப்பாத்தறீங்க? மேனேஜரையா?

— அந்த ஆளை எதுக்கு நான் காப்பாத்தணும்?

— பின்ன யாரை? மழுப்பாதீங்க அத்தான். இங்க எந்த மாற்றமும் ஒருத்தர் கையால மட்டும் உள்ள போகாது. ரெண்டாவது ஆள் படிச்சுப் பார்த்து "சரி" சொல்லணும். அது யாரு?

— வேண்டாம்மா. விட்டுடு.

— சொல்லுங்க.

— அன்னிக்கு ஒரே நாள்ல நாற்பது மாற்றம் உன் மேஜைக்கு வந்துச்சு. "அத்தான் எழுதினதுதானே"ன்னு நீ திறந்துகூடப் பார்க்காம "சரி" போட்டே. சரிபார்த்தவர்ங்கற கட்டத்துல உன் பேரு இருக்கு. கடிதம் போனா நீயும் சேர்ந்து போயிடுவே. உங்க அக்கா முகத்துல நான் எப்படி முழிக்கிறது?

— அந்தக் கட்டத்துல என் பேரைக் காலையிலேயே பார்த்துட்டேன் அத்தான். கடிதத்துல முதல் குற்றவாளின்னு என் பேரைத்தான் எழுதியிருக்கேன், அதுக்குக் கீழே ஒரு வரி காலியா விட்டிருக்கேன், உங்க பேரை நீங்களே எழுதுங்க.