சம்பத் கூப்பிட்ட விருந்தாளி

ராத்திரி ஒன்றே கால். திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் ரோடு. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. பின் சீட்டில் எட்டு வயசு வர்ஷா, அம்மா மடியில் சாய்ந்து ரொட்டி மென்றுகொண்டே வருகிறாள். அன்றைக்கு அது ஆறாவது பாக்கெட்...

கிட்டே வந்து உட்காருங்கள். வண்டி ஓட்டுகிற சம்பத், நம்ம ஜெகதீசனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். திருநின்றவூரில் ஃப்ளாட், அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. சொந்த ஊர் விருதுநகர் பக்கம். எதிரில் எவன் நின்றாலும் ‘சாப்பிட வாங்க’ என்று சொல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டான். நல்ல பழக்கம்தான். எங்கே சொல்வது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

அதற்கு ஒரு மாசம் முன்னால் குடும்பத்தோடு செஞ்சிக் கோட்டை பார்க்கப் போனான். மூன்று மலையையும் வளைத்துக் கட்டிய மதில். எதிரி நேராக ஓடிவர முடியாதபடி திரும்பித் திரும்பிப் போகும் வாசல். உச்சிக்குக் கீழே பிளவின் மேல் ஒரு பாலம். அதை எடுத்துவிட்டால் ஒருத்தனும் ஏற முடியாது. வெளியாள் உள்ளே வரக்கூடாதென்று அவ்வளவு யோசித்தவர்கள், உள்ளே இருப்பது வெளியே வந்துவிடுமே என்று யோசிக்கவில்லை.

செட்டிக்குளம் பக்கத்தில் கைதிகள் கிணறு. பெரிய பாறை, நடுவே குழி, மேலே வட்டமாகச் செங்கல் சுவர். கைதியை உள்ளே தள்ளி, சோறு தண்ணீர் இல்லாமல் அப்படியே விட்டுவிடுவார்களாம். அந்தப் பாறை நிழலில்தான் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தான் சம்பத். வாய் சும்மா இருக்குமா? மேலே பார்த்து, "வாங்க, சாப்பிடலாம்" என்றான்.

"அவங்களுக்கும் ஒரு தட்டு வைக்கட்டா?" என்று சிரித்தாள் அவன் பெண்டாட்டி சுலோசனா.

மறுநாள் முதல் வர்ஷாவுக்கு அடங்காத பசி. கூப்பிட்டது அப்பன், ஒட்டிக்கொண்டது பிள்ளையிடம். குண்டான் சோறும் இறங்கும், உடம்போ கரையும். ஆவடி டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். தூக்கத்திலும் வாய் மெல்லும்... சரக், சரக். கிட்டே போனால் ஈரப் பாறையில் வௌவால் அடைந்த வாடை. இருபத்து நான்கு கிலோ பிள்ளை பதினாறுக்கு வந்ததும் சம்பத்துக்கு அந்தக் கிணற்றடியும் தான் கூப்பிட்டதும் நினைவுக்கு வந்தன.

அதனால்தான் அந்தப் பயணம். தாயையும் பிள்ளையையும் வண்டியில் விட்டு, இடிந்த மதில் ஏறிக் குதித்து, செல்போன் வெளிச்சத்தில் பாறை மேல் தவழ்ந்தான். தூக்குச்சட்டி நிறையக் கொண்டுபோன புளியோதரையைக் குழியில் கொட்டினான். விழுந்த சத்தமே இல்லை... செல்போன் அடித்தது. இன்னும் பசிக்கிறதென்று பிள்ளை கதறுகிறாளாம்.

சம்பத் உடைந்துவிட்டான். குழிக்குள் தலையை விட்டு அழுதான்.

"கூப்பிட்டது நான். புள்ளைய விட்டுட்டு எங்கிட்ட வாங்க... எம்புட்டு வேணும்னாலும் சாப்பிடுங்க."

கீழே... சரக். சரக். நின்றது. பிறகு அந்த வாடை, அவன் கழுத்துக்குப் பின்னால்.

விடியற்காலை, வீடு திரும்பும் வழியில் சென்னீர்குப்பத்தில் ஒரு கடை. வர்ஷா ரெண்டு இட்லி தின்றுவிட்டு, "போதும்ப்பா" என்றாள். சுலோசனா ரோட்டோரமே உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில். சம்பத் நிமிரவில்லை. பதினோராவது தோசையில் இருந்தான்.

நாற்பது நாள் தாங்கினான். பாடையைத் தூக்க இரண்டே பேர் போதுமாயிருந்தது.

அதற்கு முன்னால் வாய்க்கரிசி. சுலோசனா ஒரு பிடி போட்டாள். ஜெகதீசன் ஒரு பிடி. மூன்றாவதாக வர்ஷாவின் கையில் அரிசியைக் கொடுத்தார்கள். அவள் குனிந்தாள். போடாமல் அப்படியே நின்றாள்.

"அம்மா... அப்பா வாய்ல அரிசியே இல்ல."