லேபில் எதையும் குடிக்கக்கூடாது

கண்ணாடிப் பாத்திரம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது மிகவும் சுலபம். தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தால் அது ஒரே படலமாக வழிய வேண்டும். எங்காவது துளித்துளியாக ஒட்டி நின்றால் அங்கே அழுக்கு இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் இதைத்தான் செய்துகாட்டுவேன். கனிம வேதியியலுக்கு முதலில் கை, அப்புறம்தான் மூளை என்பேன். சிரிப்பார்கள். உங்களுக்கும் சிரிப்பு வருகிறது போல. பரவாயில்லை.

கல்லூரி ஆய்வகமும் ரசாயனங்கள் வைக்கும் ஸ்டோரும் என் பொறுப்பில் இருந்தன. அழுகிய முட்டை நாற்றம் வராமல் எங்கள் பாடம் நடக்காது. புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அதில் அருவருப்பு இருந்ததே இல்லை. எந்த வாயு, எதிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். மனிதர்களிடமிருந்து வரும் நாற்றம் அப்படியில்லை.

பக்கத்து மேஜைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆசிரியர் வந்து சேர்ந்தார். பிள்ளைகள் அவரை ‘டீக்கடை சார்’ என்பார்கள், அவர் முகத்துக்கு நேராகவே. பர்னருக்கு மேல் முக்காலி வைத்து, பீக்கரில் டீ போடுவார். சோதனைக் குழாய் பிடிக்கும் இடுக்கியால் பீக்கரைத் தூக்கி உறிஞ்சுவார். அந்தச் சத்தம் அறையின் மறுகோடியில் எனக்குக் கேட்கும். மூக்கைத் துடைத்த கைக்குட்டையாலேயே கண்ணாடிக் கோலைத் துடைப்பார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவார். தராசுத் தட்டில் பிஸ்கட் தூள் கிடக்கும். பிள்ளைகள் மிச்சம் வைத்த உப்பைத் திரும்பவும் பாட்டிலிலேயே கொட்டச் சொல்வார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டிலை நம்பி யார் என்ன சோதனை செய்ய முடியும்?

சர்க்கரையை உப்புகள் இருக்கும் அலமாரியிலேயே வைத்திருந்தார். காலியான ரசாயன பாட்டில் ஒன்று. லேபிளைச் சுரண்டிவிட்டு உள்ளே சர்க்கரை.

“இதை எடுத்துடுங்க சார். லேப்ல எதையும் குடிக்கக்கூடாது, சாப்பிடக்கூடாதுன்னு நான்தான் பிள்ளைங்களுக்குத் தினமும் சொல்றேன்” என்றேன்.

“ஏன் மேடம், சர்க்கரையும் கெமிக்கல்தானே?” என்றார்.

மொத்த வகுப்பும் சிரித்தது. அவர் வாயில் மென்றுகொண்டிருந்த பிஸ்கட் தெரிந்தது. துறைத்தலைவரிடம் போனேன். “சின்ன விஷயம், விட்டுடுங்கம்மா. பசங்களுக்கு அவரைப் பிடிச்சிருக்கு” என்றார். சின்ன விஷயம் என்று அழுக்கை விட்டுக்கொடுப்பவர்களோடுதான் நான் இத்தனை காலம் வேலை பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் மதியம், வகுப்பு இல்லாத நேரத்தில், கண்டுபிடிக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வெள்ளை உப்பு ஒன்றை அந்தச் சர்க்கரையில் கலந்தேன். எந்த உப்பு என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒருநாள் வயிற்றைக் கலக்கினால் மனிதருக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். எவ்வளவு போனால் உயிருக்கு ஆபத்து என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, வெளிப்புறத்தைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் காலை அவர் டீ போட்டார். ஆனால் சர்க்கரை போட்டுக்கொள்ளவில்லை. “வீட்டுக்காரி நிறுத்தச் சொல்லிட்டா மேடம், தொப்பை விழுதாம்” என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். பாட்டிலை எடுக்காமல் என் மேஜைக்குத் திரும்பினேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண். முதல் மேஜை. கண்ணாடிப் பாத்திரங்களை நான் சொன்னபடி கழுவுகிறவள் அவள் ஒருத்திதான். அன்று வெறும் வயிற்றோடு வந்திருந்தாள். வாயு நெடியில் தலை சுற்றி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். டீக்கடை சார் இன்னொரு பீக்கரில் டீயை ஊற்றி, அந்தப் பாட்டிலிலிருந்து தாராளமாக அள்ளிப் போட்டுக் கலக்கினார்.

“இந்தாம்மா, சர்க்கரை தூக்கலா போட்டிருக்கேன். ஒரே மடக்கா குடிச்சிடு, தெம்பா இருக்கும்.”

அவள் குடிக்கவில்லை. பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“மேடம், லேப்ல குடிக்கலாமா?”

தினமும் நான் சொல்லும் ஒரு வாக்கியம் போதும். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் டீக்கடை சாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எப்போதும்போல் பாதி சிரிப்போடு. நான் மறுத்தால் எல்லோரையும் சிரிக்க வைக்க ஏதோ ஒன்றை நாக்கு நுனியில் வைத்திருந்தார். அந்த வாயை இன்னொரு முறை பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. தலையாட்டினேன். அவள் சமர்த்தாகக் குடித்தாள்.

மதியத்துக்குள் விழுந்துவிட்டாள். கல்லூரி வேனில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவள் நான்தான். புடவை முழுக்க வாந்தி. வாயால் மூச்சு விட்டுக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், “நீங்க கெமிஸ்ட்ரி டீச்சர்தானே? உள்ளே என்ன போயிருக்கும்னு ஏதாவது ஐடியா இருக்கா?” என்று கேட்டார். அந்த உப்புக்கு விஷமுறிவு என்ன என்பதும் எங்கள் பாடத்திலேயே வருகிறது. “தெரியலை டாக்டர்” என்றேன். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவளுடைய அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “என் பொண்ணு உங்க பேச்சைத்தான் கேப்பா மேடம். வீட்டுல டம்ளரைக்கூட நீங்க சொன்ன மாதிரிதான் கழுவுவா” என்று அழுதார். மூக்கும் கண்ணும் என் புறங்கையில் ஒழுகின. அவர் நகர்ந்ததும் குழாயைத் தேடிப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

நீங்கள் டீக்கடை சாரைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். எனக்கு உறுத்தவில்லை. தூக்கமும் நன்றாகவே வந்தது. அழுக்கின் முடிவு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் உங்களிடம் சொன்னதை நேற்று துறைத்தலைவர் என்னிடம் சொன்னார்: “மேடமோட ஸ்டோர்ல பாட்டில் மாறிப்போயிருக்கும் சார். அங்கே எது எங்கே இருக்குன்னு அவங்களுக்கே தெரியாது.” நீங்களும் அதை நம்பி, விபத்து என்று முடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இன்று காலை முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

சர்க்கரையில் கலந்தது நான். குடி என்று தலையாட்டியது நான். டாக்டரிடம் மறைத்தது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். பாட்டில் மாறிவிட்டது என்று மட்டும் எழுதாதீர்கள். என் ஆய்வகத்தில் தவறுதலாக எதுவும் நடந்ததில்லை.