பென்சிலில் எழுதியது

பென்சிலை எப்போதும் கூராகச் சீவி வைத்திருப்பேன், ஐயா. பேனா எனக்கு அவ்வளவாக ஒத்துவராது.

புதுவாயல் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் கிளினிக்கல் பார்மசிஸ்ட். நோயாளிக்கு எழுதிய மருந்துகள் ஒன்றோடொன்று சேருமா என்று பார்த்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னதில் எத்தனையை டாக்டர்கள் ஏற்றார்கள் என்பதை வைத்துத்தான் எங்களுக்குத் தர மதிப்பெண். எனக்கு முன்னால் இருந்த மெர்சி எல்லாவற்றையும் பேனாவில் எழுதினாள். நூற்றுக்கு அறுபத்தொன்று வந்தது. ஆறே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் முதலில் பென்சிலில் எழுதுவேன். டாக்டர் தலையாட்டினால் அதன்மேல் பேனா ஓட்டுவேன், இல்லாவிட்டால் அழித்துவிடுவேன். தொண்ணூற்றெட்டு வந்தது. கேக் வெட்டினார்கள்.

கங்கம்மா பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பம். இதயத்தில் வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஒரு மாத்திரை போடுவார். கெளுத்தி முள் குத்திக் கால் புண்ணாகி வந்து சேர்ந்தார். டாக்டர் துளசிராமன் புண்ணுக்கு எழுதிய மருந்து அந்த மாத்திரையின் வேகத்தை ஏற்றிவிடும். 'மாத்திரை அளவைக் குறைக்கவும், ரத்தப் பரிசோதனை தேவை' என்று பென்சிலில் எழுதினேன். அன்று மாதக் கடைசி, மதிப்பெண் கூட்டும் நாள். டாக்டர் கடுகடுவென்று இருந்தார். சாயங்காலம் அந்த வரி பதிவேட்டில் இல்லை.

மூன்றாம் நாள் கங்கம்மாவின் மகன் அன்புசெல்வன் என்னை வராந்தாவில் நிறுத்தினான்.

"சார், அம்மா வாய் கொப்புளிச்சா ரத்தமா வருது சார். இன்னா சார் இது, பயமாக்கீது."

"பிரஷ்ஷை மெதுவா போடச் சொல்லுப்பா," என்றேன்.

கும்பிட்டுவிட்டுப் போனான். அது அந்த மாத்திரையின் வேலை என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்போது எழுதினால் மூன்று நாள் தாமதம் என் பெயரில் ஏறும். நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் காலை மூளையில் ரத்தக்கசிவு. மதியத்துக்குள் கங்கம்மா போய்விட்டார். "மெதுவாதான் சார் தேச்சிச்சு," என்று அன்புசெல்வன் என்னிடம் வந்து சொன்னான். தன் அம்மாமேல் தப்பு இல்லை என்று எனக்கு எடுத்துச் சொன்னான்.

நேற்று விசாரணையில், உங்கள் முன்னால்தான், டாக்டர் சொன்னார்: "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மருந்தை மாத்தியிருப்பேனே, ஹேமநாத்." மாற்றியிருப்பார். நான் அவரிடம் கேட்கவே இல்லை, ஐயா. முகத்தைப் பார்த்தேன், மறுத்துவிடுவார் என்று பட்டது, அழித்துவிட்டேன். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் அழித்தேன். அந்த அம்மாவைக் கொன்றது நான்தான்.

நீங்கள் கேட்டபடி நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிட்டேன். இதுவும் பென்சில்தான். படித்துப் பாருங்கள்; நீங்கள் தலையாட்டினால் மேலே பேனா ஓட்டிவிடுகிறேன்.