பிலோமினா பேசுறேன்

...உதவின்னா இப்படியா லா ஒருத்தி கேப்பா? நீங்களே சொல்லுங்க மதுரா. இல்ல இல்ல, சொல்லாதீங்க, வாயத் திறக்காதீங்க. முகத்துல பூசின மாஸ்க் காயிற வரைக்கும் கன்னம் ஆடவே கூடாது. ஆடுனா வெடிச்சுடும். நாளைக்கு நிச்சயத்துல போட்டோ எடுத்தா கோடு கோடா தெரியும், அப்புறம் இந்த ஜெனிவீவ் அக்கா பார்லர் சரியில்லன்னு ரிவ்யூ போடுவீங்க. சிங்கப்பூரோட அந்தக் கோடி பொங்கோல்லேருந்து இந்தத் தேக்கா வரைக்கும் வந்திருக்கீங்க, இருபது நிமிஷம் சும்மா படுத்துக்கிட்டு காத மட்டும் குடுங்க.

எங்க அக்கா பிலோமினாவத்தான் சொல்றேன். உட்லண்ட்ஸ்ல இருக்கா. இன்னைக்கு அவளுக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம். அவ புருஷன், எங்க மச்சான் ஆர்னால்டு, யாருகிட்டயும் கேக்காம ரேடியோவுக்கு எழுதிப் போட்டுட்டாரு. "முப்பது வருஷத்துக்கு முன்னாடி என் மனைவி உங்க நேயர் விருப்பத்துல எனக்காகப் பாட்டு கேட்டாங்க, அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சது"ன்னு. ரேடியோக்காரங்களுக்கு இது போதாதா? பதினொன்றரைக்கு வீட்டம்மாவுக்கு லைவ்ல கால் பண்றோம்னுட்டாங்க. இவளோ மைக்கப் பாத்தாலே தூண் பின்னாடி போயி ஒளிஞ்சுக்குவா. கோயில்ல பைபிள் வாசகம் வாசிக்கச் சொன்னா அன்னைக்குன்னு காய்ச்சல் வரும். அதனால என்ன பண்ணா தெரியுமா? என் நம்பரக் குடுத்துட்டா! நான் அவளா பேசணுமாம்!

இருங்க, ரேடியோவக் கொஞ்சம் குறைச்சுக்கறேன்... ம்.

எனக்கு ரேடியோ இன்னைக்கு நேத்துப் பழக்கமில்ல. பதினாறு வயசுல, ஓ-லெவல் பரீட்சைக்குப் படிக்கிறேன்னு கதவச் சாத்திக்கிட்டு, போன் ஒயர கதவுக்கடியில இழுத்து வச்சு, ரேடியோ நம்பர அமுக்கி அமுக்கி விரலே தேஞ்சுது. எங்கேஜ்டு... எங்கேஜ்டு... திடீர்னு ரிங் போகும் பாருங்க... ஐயோ! "வணக்கம், யாரு பேசுறீங்க?" அவ்வளவுதான், சுத்தத் தமிழ்ல பொரிஞ்சு தள்ளிடுவேன். "இந்தப் பாடலை என் அன்னை அல்போன்சம்மாள், என் தந்தை, மாடி வீட்டு கதீஜா அக்கா மற்றும் உங்களுக்காகவும் விரும்பிக் கேட்கிறேன்." ஸ்கூல் ஓரல் பரீட்சைல கூட இப்படிப் பேசுனதில்ல. ஒரு பேர விட்டுட்டோம்னு வைங்க, மறுநாள் லிஃப்ட்ல முகத்தத் திருப்பிக்குவாங்க லா! எங்க சித்தி ரெண்டு மாசம் பேசல.

ஆனா ஒரு ரூல். ஒரு ஆளுக்கு வாரத்துல ஒரு தடவதான். நான் விடுவேனா? திங்கக்கிழம ஜெனிவீவ். புதன்கிழம அம்மா பேரு, குரலக் கொஞ்சம் கட்டையாக்கிக்கிட்டு. வெள்ளிக்கிழம பிலோமினா. அவளுக்கும் எனக்கும் போன்ல ஒரே குரல். எங்க அப்பாவே அவள நெனச்சு என்னைத் திட்டியிருக்காரு.

ஆர்னால்டு அப்ப தமிழ்ப் பூசைல கிட்டார் வாசிப்பாரு. இப்ப மாதிரி தொப்ப கிடையாது. நானும் அக்காவும் கொயர்ல பாடுவோம். ஞாயித்துக்கிழம பாட்டுப் புத்தகத்த நீட்டுறப்ப "தேங்க்ஸ் ஜெனி"ம்பாரு. அந்த ஒரு ஜெனியில எனக்கு ஒரு வாரம் ஓடும். வெள்ளிக்கிழம தவறாம ரேடியோ கேப்பாருன்னு தெரியும். அந்த வாரம் என் பேரு திங்கக்கிழமையே முடிஞ்சு போச்சு. சரி, பேரு எதுவா இருந்தா என்ன, குரல் அவருக்குத் தெரியாதான்னு நெனச்சுட்டேன். "பிலோமினா பேசுறேன். இந்தப் பாடலை கிட்டார் வாசிக்கும் ஆர்னால்டுக்காக மட்டும்." மட்டும்! வேற ஒரு பேரு சொல்லல. பாட்டு முடியறதுக்குள்ள எங்க அடுக்குமாடி பிளாக் பூரா தெரிஞ்சு போச்சு.

ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சதும் நேரா எங்க அக்காகிட்டப் போயி "பாட்டு கேட்டேன்"னாரு. அவ என்ன சொல்லணும்? "நான் இல்லீங்க"ன்னு சொல்லணுமா இல்லையா? தலையக் குனிஞ்சுக்கிட்டா! கள்ளி! அங்கதான் என் வாழ்க்கையே போச்சு மதுரா.

வீட்டுல அப்பா பெல்ட்ட எடுத்தப்பவும் அவ "நான் இல்ல"ன்னு சொல்லல. வாங்கிக்கிட்டா. நானா? நான் எப்படிச் சொல்றது, எனக்கு ஓ-லெவல் இருந்துச்சுல்ல... ஆமா, கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். அது வேற விஷயம். விடுங்க.

என்ன, கன்னம் ஆடுது? சிரிக்காதீங்க.

இதெல்லாம் என் வேலைன்னு அவளுக்குத் தெரியாதுன்னுதான் இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன். இன்னைக்குக் காலைல மெசேஜ் அனுப்புறா. கண்ணாடி எங்க... ஆங். "ஜெனி, நீயே பேசிடு. என் பேர்ல பேச உனக்குப் பழக்கந்தானே." கூடவே ஒரு சிரிக்கிற மூஞ்சி! தெரிஞ்சிருக்கு. அடி வாங்குனப்பவே தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்த கேக்கல பாருங்க, அழுத்தக்காரி. காலைலேருந்து அதத்தான் திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டிருக்கேன்.

நானும் முடிவு பண்ணிட்டேன். இன்னைக்கு லைவ்ல போட்டு உடைக்கப் போறேன். அன்னைக்கு ரேடியோவுக்குக் கூப்பிட்டது பிலோமினா இல்ல, இந்த ஜெனிவீவ்தான்னு ஊரே கேக்கட்டும். மச்சான் கேக் எடுக்க மலேசியா பக்கம் ஜோகூர் போயிட்டு காஸ்வே பாலத்து ஜாம்ல நிக்கிறாரு, கார்ல ரேடியோ ஓடுது. அவரும் கேக்கட்டும். யாரு குரலுக்கு யாரு குடித்தனம் பண்ணான்னு தெரிய வேணாமா?

ஐயோ, போன் வந்துருச்சு! ஸ்ஸ்... மூச்சுக் கூட விடாதீங்க.

ஹலோ... வணக்கங்க... யாரு பேசுறதா? நான்... நான் வந்து... பிலோமினா. பிலோமினா பேசுறேங்க. நன்றிங்க, ரொம்ப நன்றி... ஆமா, இருபத்தஞ்சு வருஷம்... ரொம்ப நல்லவருங்க. கோவமே வராது... பாட்டா? அந்தப் பாட்டு... ஆமாங்க. நான்தான் கூப்பிட்டேன். என் குரல்தான்... என்னங்க? வீட்டுல திட்டு விழலையான்னா? திட்டா... அடியே விழுந்துச்சுங்க, பெல்ட்டாலயே...

இல்லங்க. எனக்கு இல்ல. எங்க அக்காவுக்கு.