இளைக்க மறுத்தவர்

"நான் நல்லா இருக்கறேன்னு ஊருக்குச் சொல்றதே இந்தத் தொப்பைதான் புள்ள."

பல்லடம் தாண்டித் திருப்பூர் போகும் தனியார் பஸ்ஸில் என் முன்சீட்டிலிருந்து இது வந்தது. சொன்னவர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். புற்றுநோய் குணமாகிச் சில வருடங்கள் ஆகின்றன என்பதும், கோயமுத்தூரில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பதும் பேச்சிலேயே தெரிந்தன. அவர் மடியில் பிரித்திருந்த போண்டாப் பொட்டலத்தை மனைவி பிடுங்கிப் பைக்குள் போட்டார்.

"எடையக் குறைக்கோணும்னு டாக்டர் சொன்னாருங்களா இல்லீங்களா? நாளைலிருந்து நடங்க."

"நடந்தா இளைச்சுப் போவேன்."

"அதுக்குத்தானுங்க நடக்கறது!"

"அன்னைக்கு இளைச்சுத்தான நோவே தெரிஞ்சுது? இப்ப இளைச்சா, திரும்ப வந்துருச்சுன்னு பேசுவாங்க. கம்பெனியில வேற மாஸ்டரப் போட்டுருவாங்க."

"பேசறவங்க பேசட்டுங்க."

"நீ மட்டும்? போன வருசம் என்ர பேண்ட் லூசானதப் பாத்துட்டு ராத்திரி பூரா அழுதது ஆரு?"

மனைவி பையின் ஜிப்பை இழுத்து மூடினார். பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. நான் என் தொப்பையைக் கொஞ்சம் உள்ளிழுத்துக்கொண்டேன். அதற்குச் சொல்லிக்கொள்ள இப்படி ஒரு காரணம்கூடக் கிடையாது.

"சரி, நானும் கூட நடக்கறனுங்க," என்றார் அந்த அம்மா, சண்டைக்கு வருகிற குரலில். "ரெண்டு பேரும் சேந்தே இளைக்கலாம்."

"ரெண்டு பேரும் இளைச்சா, ஊட்டுல சோத்துக்கே வழியில்லைம்பாங்க."

"சொல்லட்டுங்க. அதக் கேட்டா எனக்கு அழுகை வராது."